பெண் கடலில் விழுந்த கல்

ராமேசுவரத்துக்காரர்கள் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். ஆடிக் காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும்போது ஒரு கல்லை எறிந்தால் எங்கே விழுந்தது என்றே தெரியாது. வடக்கே எறிந்தால் வட்ட வட்டமாய் அலை விரியும்.

வீடியோவைச் சுருக்கும்போதும் இதே வேறுபாடுதான். கேமராவில் எடுத்த வீடியோ ஆண் கடல். அதில் இயல்பாகவே மணல் தூவியதுபோல் ஓர் இரைச்சல் இருக்கும். வீடியோவைச் சுருக்கி எழுதும் நிரலான கோடெக் செய்யும் பிழைகள் அதில் மறைந்துவிடும். கணினியில் உருவாக்கிய அனிமேஷனோ பெண் கடல். எல்லாம் துலக்கமாக இருப்பதால் எந்தப் பிழைக்கும் மறைவிடம் கிடையாது.

1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் இரண்டு இறக்கைகளும் கப்பலுக்காக எழும்புவதை மாணவர்களுக்குக் காட்ட ஒரு அனிமேஷன் செய்தேன். மென்பொருள் தந்த அமைப்பிலேயே நேரடியாக வீடியோவாக ரெண்டர் செய்தேன், அதாவது காட்சிகளைக் கணினி வரைந்து முடிக்கச் செய்தேன். வானம் பட்டை பட்டையாக வந்தது. சிவப்புக் குறிப்பெழுத்துகள் ஈரத்தில் ஊறியவைபோல் கசிந்தன. இரும்புச் சட்டங்களைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் ஒரு நடுக்கம்.

வானத்திலிருந்து தொடங்குவோம். 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். என் வானம் வெளிர் நீலத்திலிருந்து கருநீலத்துக்குப் போக அவற்றில் ஏறத்தாழ 30 படிகளே பயன்பட்டன. திரையின் உயரம் 1080 வரிகள். ஒரு படிக்கு 36 வரிகள். அவ்வளவு அகலமான படிக்கட்டைக் கண் எளிதில் பிடித்துவிடும். 10 பிட்டில் படிகள் நான்கு மடங்காகும், பட்டை 9 வரிகளாகச் சுருங்கும். ஆனால் எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் எழுதிய 10 பிட் கோப்பைப் பல கைபேசிகள் சரியாக இயக்குவதில்லை. அதனால் 8 பிட்டிலேயே நின்று, ரெண்டரில் டித்தரிங் சேர்த்தேன். படியின் விளிம்பை உடைக்கும் மெல்லிய இரைச்சல் அது. ஆம், பெண் கடலில் நாமே கொஞ்சம் அலை எழுப்புகிறோம்.

எழுத்துகள் கசிந்ததற்குக் காரணம் 4:2:0 என்ற நிறப் பதிவு முறை. வெளிச்ச அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவாகும். நிறமோ நான்கு பிக்சல்களுக்கு ஒன்றுதான். சிவப்புக்கும் கருநீலத்துக்கும் வெளிச்சத்தில் பெரிய வேறுபாடு இல்லை, பிரித்துக் காட்டுவது நிறம் மட்டுமே. அந்த நிறம் பாதி அகலம், பாதி உயரத்துக்குக் குறைந்துவிட்டால் எழுத்து கசியாமல் என்ன செய்யும்? நிறத்தையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் பதியும் 4:4:4 இதைத் தீர்க்கும், ஆனால் எல்லாக் கருவிகளிலும் ஓடாது. எழுத்தை வெள்ளையாக்கிக் கருப்பு விளிம்பு கொடுத்தேன். கூர்மையாக நின்றது.

கொசு மொய்ப்பின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோர் 1974இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றத்தின் வழிவந்த கணக்கைத்தான் எச்.264 பயன்படுத்துகிறது. படத்தின் சிறு கட்டம் ஒவ்வொன்றையும் அலைகளின் கூட்டாக அது எழுதுகிறது. மென்மையான பரப்புக்கு இரண்டு மூன்று அலைகள் போதும். இரும்புச் சட்டத்தின் கூர்விளிம்புக்கோ நுண்ணலைகள் ஏராளமாக வேண்டும். கோப்பைச் சுருக்க அவற்றை வீசியெறிந்தால், மிஞ்சிய அலைகள் விளிம்பின் இருபுறமும் நெளிகின்றன.

எவ்வளவு வீசலாம் என்று சொல்லும் எண்தான் சி.ஆர்.எஃப். எச்.264 கோப்பை எழுதும் எக்ஸ்264 மென்பொருளில் அது 0 முதல் 51 வரை. எண் கூடக்கூட வீசுவதும் கூடும். நாம் தொடாவிட்டால் 23. அனிமேஷனுக்கு நான் 16 வைக்கிறேன், கூடவே அனிமேஷனுக்கென்றே உள்ள ‘டியூன்’ அமைப்பு. 23இல் டித்தரிங் இரைச்சலையே கோடெக் துடைத்துவிட்டுப் பட்டைகளைத் திருப்பிக் கொண்டுவரக்கூடும்.

ரெண்டரை நேராக வீடியோவாக எழுதவே எழுதாதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் பி.என்.ஜி. படமாகச் சேமியுங்கள், அதில் இழப்பே இல்லை. சுருக்காத முழு எச்.டி. வீடியோ, நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், நொடிக்கு 155 மெகாபைட் தின்னும். பி.என்.ஜி. அதைவிட மிகச் சிறியது. நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட எண்ணிலிருந்து தொடரலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலேறுகிறது. அதைச் சேர்க்க வேண்டி வந்தபோது அந்தக் காட்சிக்குரிய ஃபிரேம்களை மட்டும் ரெண்டர் செய்து, பழைய படங்களின் வரிசையில் செருகினேன்.