தாலே சாலையில் யார் காசு வாங்குவது?

இன்றைய ஏமனின் தென்கரையில் உள்ள ஏடன் துறைமுகத்தை 1839 ஜனவரியில் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த ஊரை ஆண்டது பம்பாய் அரசாங்கம். அங்கே 1951 வரை செலாவணியும் இந்திய ரூபாய்தான். ஆனால் வடக்கே மலைக்குள் நுழைந்துவிட்டால் மரியா தெரேசா வெள்ளிக்குத்தான் மதிப்பு. ஆஸ்திரிய மகாராணியின் தலை பொறித்த, 28 கிராம் எடையுள்ள நாணயம் அது. எந்த வருடம் அச்சடித்தாலும் அதில் 1780 என்றுதான் போடுவார்கள். தலையும் தேதியும் மாறினால் கள்ளக்காசோ என்று வாங்குகிறவர் சந்தேகப்படுவார்.

ஏடனிலிருந்து தாலே நகரத்துக்குப் போகும் மலைப்பாதை ரத்ஃபான் பகுதியின் ஓரமாகச் செல்கிறது. குதைபி உள்ளிட்ட பல குலங்களின் மண் அது. விளைநிலம் என்று பார்த்தால் ஓடைப் படுகைகளில் குறுகிய பட்டைகள், சரிவுகளில் கல் அடுக்கிக் கட்டிய படிநிலங்கள். மழை தவறினால் சோளம் இல்லை. குறைந்ததை ஈடுகட்டியது பாதைதான். சரக்கு ஏற்றிய ஒட்டக வரிசை எல்லைக்குள் வந்தால் காவல்கூலி கட்ட வேண்டும்.

இந்தக் கூலிக்குப் பின்னால் ஒரு காப்பீட்டு முறை இருந்தது. கூலி வாங்கிய குலத்தின் ஆள் ஒருவர் சரக்கோடு கூட நடப்பார். பயணி அவருடைய ‘முகத்தில்’ இருக்கிறார் என்பது அரபுக் குலவழக்கு. சரக்கின்மேல் கைவைத்தால் அவர் முகத்தில் கரி பூசியதாகும். குலமே கேட்க வந்துவிடும். அதனால் நூறு ஒட்டகத்துக்கு ஒரு கிழவரும் ஒரு பழைய துப்பாக்கியும் போதும். கட்டாதவருக்கு அந்த முகம் கிடையாது. பிறகு நடந்ததை பிரிட்டிஷ் ஆவணங்கள் கொள்ளை என்று எழுதின. அதே காசை அரசாங்கம் வாங்கினால் சுங்கம் என்று எழுதியிருக்கும்.

பிரிட்டிஷார் இவர்களை அடக்க இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, ஒரு தலைவரைப் பிடித்து ஒப்பந்தம் போட்டு, மாதப்படியும் துப்பாக்கியும் கொடுப்பது. ரத்ஃபான் குலங்கள் தாலேயின் சிற்றரசரான அமீருக்குக் கட்டுப்பட்டவை என்று காகிதத்தில் இருந்தது. குலங்கள் அதை ஏற்கவில்லை. அங்கே தலைவர் என்பவர் பேசி இணங்கவைப்பவரே தவிர, கட்டளையிடுபவர் அல்லர். ஒருவரை விலைக்கு வாங்கினால் ஒருவர்தான் கிடைப்பார். மற்றவர்கள் கூடி வேறு ஆளின் பேச்சைக் கேட்பார்கள்.

இன்னொன்று ஆகாயம். 1928இல் ஏடனின் பாதுகாப்பு ராயல் விமானப்படையின் கைக்கு வந்தது. காலாட்படையை மலையேற்றுவதைவிட விமானம் மலிவு என்பதே காரணம். 1934இல் தாலே சாலையில் ஒரு வணிகக் கூட்டத்தைக் குதைபிகள் பறித்தபோது இந்த முறை அவர்கள்மேல் பாய்ந்தது. முதலில் அபராதம் கேட்டு இறுதி எச்சரிக்கை. மறுத்ததும் துண்டுச்சீட்டு: இன்ன நாளுக்குள் ஊரைக் காலி செய்யுங்கள். பிறகு வாரக்கணக்கில் குண்டுவீச்சு. அப்போது ஏடன் படைத்தலைவராக இருந்தவர், பின்னாளில் உலகப்போரில் விமானப்படைக்கே தலைவரான சார்லஸ் போர்ட்டல்.

இதைத் தலைகீழ் முற்றுகை எனலாம். வழக்கமான முற்றுகை ஆட்களை உள்ளே அடைக்கும். இது ஆட்களை வெளியே நிறுத்தி ஊரைப் பூட்டும். ஆளைக் கொல்வதைவிட உழவையும் அறுவடையையும் கெடுப்பதே நோக்கம். மக்கள் குகைகளிலும் பக்கத்துக் குலங்களின் வீடுகளிலும் தங்குவார்கள், இரவில் வந்து வயலைப் பார்ப்பார்கள். ஆனால் பருவம் போய்விட்டால் போனதுதான். உறவினர் வீட்டுச் சோறும் எத்தனை நாளுக்கு? இரண்டு மாதத்தில் குதைபிகள் பணிந்தார்கள். விமானத்தோடு மனிதன் மல்லுக்கு நிற்க முடியாது என்பதால் அந்தப் பணிவில் பெரிய இழுக்கும் இருக்கவில்லை. அபராதத்தோடு விஷயம் முடிந்தது, வாழ்க்கை பழைய வழிக்குத் திரும்பியது. இந்த முறையின் வெற்றிக்கு விமானத்தின் பங்கைவிட இந்தக் கடைசிப் பகுதியின் பங்கே பெரிது என்பது என் எண்ணம். கேட்டது கொடுக்கக்கூடியதாக இருந்தது.

1960களில் கேட்டது அப்படிப்பட்டதல்ல. பிரிட்டிஷார் உருவாக்கிய தென் அரேபியக் கூட்டாட்சி, எல்லாச் சிற்றரசுகளுக்கும் ஒரே சுங்கம் என்று சொல்லி, குலங்கள் தனியாகக் கூலி வாங்குவதை நிறுத்தியது. லாரி ஓடும் காலத்தில் ஏட்டளவில் நியாயமான சீர்திருத்தம்தான். ரத்ஃபான்காரருக்கோ வயிற்றில் அடி. அதே சமயம் 1962 செப்டம்பரில் வட ஏமனில் மன்னராட்சி கவிழ்ந்து, புதிய குடியரசுக்குத் துணையாக எகிப்தியப் படை வந்து இறங்கியது. எல்லை தாண்டினால் துப்பாக்கி, கண்ணிவெடி, பயிற்சி, பணம் எல்லாம் கிடைத்தன. சோளம் போனாலும் சோறு கிடைக்கும் என்றானபின் தலைகீழ் முற்றுகையின் பல் உதிர்ந்துவிட்டது.

எல்லைக்கு அப்பாலிருந்து ஆயுதத்தோடு திரும்பிய ரத்ஃபான் போராளி ராஜிஹ் லபூஸா 1963 அக்டோபர் 14 அன்று சண்டையில் இறந்தார். ஏமன் இன்றும் அந்த நாளைப் புரட்சி நாளாகக் கொண்டாடுகிறது. 1964 ஜனவரியில் கூட்டாட்சியின் மூன்று பட்டாலியன்கள் பிரிட்டிஷ் பீரங்கி, விமான உதவியுடன் ரத்ஃபானுக்குள் போயின. ரப்வா கணவாய் வழியாகத் தைம் பள்ளத்தாக்குக்கு ஒரு சாலையே போட்டார்கள். ஆனால் அங்கே நிலையாக இருத்திவைக்கப் போதிய படை இல்லை. படை திரும்பியதும் குலத்தார் இறங்கி வந்து சாலையைப் பெயர்த்துப் போட்டார்கள். கெய்ரோ வானொலி அதை வெற்றியாக அறிவித்தது.

ஏப்ரல் இறுதியில் பிரிட்டிஷ் படையே நேரடியாக வந்தது. மலை அவர்களுக்கு ஒத்துழைக்கவில்லை. சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, உயரத்தில் இன்னும் குறைவு. சுழலி தள்ளுவதற்குக் காற்று போதாமல் ஹெலிகாப்டர்கள் ஏற்றும் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது. குடிநீரையும் சுமந்துதான் போக வேண்டும். ஏப்ரல் 30 அன்று, இரவில் ஊடுருவிக் கல்லடைப்புக்குள் பகலில் பதுங்கியிருந்த சிறப்புப் படைக் குழு ஒன்றின் பக்கம் ஆடு மேய்ப்பவர் ஒருவர் வந்துவிட்டார். அவ்வளவுதான். மேலே உச்சியிலிருந்து நாள் முழுக்கத் துப்பாக்கிச் சூடு. குழுத்தலைவர் உட்பட இருவர் இறந்தார்கள்.

ஜூனில் பகுதியின் மிக உயர்ந்த சிகரமான ஹுரியாவைப் பிடித்தார்கள். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் நழுவிவிட்டிருந்தார்கள். கீழே தாலே சாலையில் கண்ணிவெடிகள் தொடர்ந்தன. ஒவ்வொரு நாளும் வண்டி கிளம்புமுன் சிப்பாய்கள் முன்னால் நடந்து, தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.