ஒரு முக்கோணத்துக்குக் கோபம் வருவது எப்படி?

கதைக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் பாத்திரம், களம், சிக்கல், திருப்பம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒப்பித்துவிடுவோம். 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் இவை எதுவுமே இல்லாத ஒரு குட்டி அசைபடத்தைக் காட்டிச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். படத்தில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம். அப்புறம் ஒரு செவ்வகம். அதன் ஒரு துண்டு மட்டும் கதவு மாதிரி திறந்து மூடும். வசனம் கிடையாது, கண் மூக்குகூடக் கிடையாது.

பார்த்ததை எழுதச் சொன்னார்கள். 34 பேரில் ஒரே ஒருவர்தான் கணக்குப் புத்தகம்போல வடிவங்களின் அசைவை மட்டும் எழுதினார். இரண்டு பேருக்குப் பறவைகள் தெரிந்தன. மற்றவர்கள் பெரும்பாலும் மனிதர்களைத்தான் பார்த்தார்கள்: பெரியவன் முரடன், சின்னவனை அடிக்கிறான், வட்டம் பயந்து வீட்டுக்குள் ஒளிகிறது, கடைசியில் இருவரும் தப்பிவிட, ஆத்திரத்தில் முரடன் வீட்டையே உடைக்கிறான். வெறும் செவ்வகம் 'வீடு' ஆகிவிட்டதைக் கவனியுங்கள். ஒருவர் உள்ளே, இன்னொருவர் வெளியே. களம் அமைய அவ்வளவு போதும்.

இது எப்படி நடக்கிறது? சரிவில் உருளும் கல்லைப் பார்த்து 'எங்கே போகிறாய்?' என்று நாம் கேட்பதில்லை. அதை இழுப்பது சரிவு. யாரும் தொடாமலே ஒன்று நின்று, திரும்பி, வேகம் எடுத்தால், காரணம் அதற்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. உள்ளே இருக்கும் காரணத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஆசை, பயம், கோபம். அந்த ஆசைக்குக் குறுக்கே இன்னொன்று வந்து நின்றால் சிக்கல் தயார். என்னைக் கேட்டால் கதையின் அணு இதுதான், மற்றதெல்லாம் அலங்காரம்.

படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் கதவு. முக்கோணமும் கதவும் ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. கதவு முக்கோணத்தைத் தள்ளுகிறது என்றும் சொல்லலாம்தானே? ஆனால் முக்கோணம் கதவைத் திறக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. ஒன்றின் பின்னால் ஒன்று ஓடினாலும் இதே கதைதான். பின்னால் வருவது முரடன் என்றால் அது துரத்தல். நண்பன் என்றால் கூடவே போவது. அசைவு ஒன்றுதான், ஆளைப் பொறுத்துச் சம்பவம் மாறிவிடுகிறது.

2004இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையின் இரு பக்கமும் அமிக்டலா (பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள பகுதி) சேதமடைந்த ஒரு பெண்ணுக்கு இதே படத்தைக் காட்டினார்கள். அவருக்குப் பார்வையில் கோளாறு இல்லை. மனிதர்களைப் பற்றிய அறிவுக்கும் குறைவில்லை. ஆனாலும் முக்கோணம் முக்கோணமாகவே இருந்தது. தானாகக் கதை எழவில்லை.

வீட்டிலேயே முயன்று பார்க்கலாம். மேசையில் ஓர் ஐந்து ரூபாய்க் காசை வைத்து, ஒரு ரூபாய்க் காசை விரலால் மெல்ல அதை நோக்கி நகர்த்தினேன். பாதி வழியில் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் இழுத்தேன். என் விரல் கண்ணெதிரே தெரிந்தும், பக்கத்தில் இருந்த அக்கா மகள் காசைப் பார்த்துத்தான் கேட்டாள்: "அது ஏன் பயப்படுது?"