நரம்புப் பதிவில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எந்த வழியாக வருகிறது?

எலியின் மூளையில் மின்முனையை இறக்கி நியூரான்களின் துடிப்பைப் பதிவு செய்யும்போது, செல்லுக்கு வெளியே கிடைக்கும் சிக்னல் 100 மைக்ரோவோல்ட் இருந்தாலே நல்ல பதிவுதான். அதே அறையின் சுவருக்குள் 230 வோல்ட் ஓடுகிறது. திரையில் 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 50 முறை (50 ஹெர்ட்ஸ்), சீராக ஏறி இறங்கும் அலை தெரிந்தால் அது நியூரான் இல்லை, மெயின்ஸ் கரண்ட்.

எதுவும் எதையும் தொடாமல் இது எப்படி உள்ளே வருகிறது? மின்வயரும் மின்முனையும் ஒரே அறையில் இருந்தாலே போதும், இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி மின்தேக்கி ஆகிவிடும். அதன் அளவு 0.01 பிக்கோஃபாரட் என்றே வைத்துக்கொள்வோம். அதன் வழியே பாய்வது வெறும் 0.7 நானோஆம்பியர்தான், ஆனால் மின்முனையின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) 1 மெகாஓம் என்றால் அதுவே 0.7 மில்லிவோல்ட் ஆகிறது, அதாவது நாம் தேடும் துடிப்பைவிட ஏழு மடங்கு பெரிது. சுற்றிலும் உலோக வலைக்கூண்டு போட்டு எர்த் செய்வதும், முதல் பெருக்கியை (ஆம்ப்ளிஃபையரை) மின்முனையை ஒட்டியே வைப்பதும் இதற்காகத்தான்.

கூண்டு போட்டும் போகவில்லை என்றால் காந்தப்புலத்தைச் சந்தேகியுங்கள். மெல்லிய செம்பு வலை 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைக் கிட்டத்தட்டத் தடுப்பதே இல்லை. ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு எர்த், மைக்ரோஸ்கோப்புக்கு இன்னொரு எர்த், இரண்டும் மேசையின் இரும்பு வழியாகவும் தொட்டுக்கொண்டால் ஒரு மூடிய வளையம் உருவாகிவிடும், பக்கத்திலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதில் மின்னோட்டத்தைத் தூண்டும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான். எர்த் வயர் கூடக் கூட நல்லது என்று நினைத்தால் இரைச்சலும் கூடத்தான் செய்யும். கருவிகளின் உலோக உடல்களைத் தனித்தனி வயரில் ஒரே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் பிளக்கில் இருக்கும் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள், அது உயிர் காக்கும் இணைப்பு.

தேடும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். எலியை எடுத்துவிட்டு உப்புக்கரைசலில் மின்முனையை வையுங்கள். பம்ப், விளக்கு, கேமரா எல்லாவற்றையும் பிளக்கிலிருந்தே உருவுங்கள், ஏனென்றால் ஸ்விட்சை அணைத்தாலும் வயரில் வோல்டேஜ் இருக்கலாம். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகித் திரையைப் பாருங்கள். கையை மின்முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அலையின் உயரம் மாறுகிறதா? அப்படியானால் மின்புல வழி. கேபிளைத் திருப்பி வைத்தால் மாறுகிறதா? காந்தப்புலமாக இருக்க வாய்ப்பு அதிகம். 100 ஹெர்ட்ஸ் என்றால் பழைய டியூப்லைட்டைப் பாருங்கள். கரைசல் ஓடும் குழாயை மறந்துவிடாதீர்கள், உப்புநீர் நிரம்பிய குழாய் ஆன்டெனாதான், நடுவில் சொட்டுச் சொட்டாக விழும்படி வைத்தால் தொடர்பு அறுந்துவிடும்.

இவ்வளவு எதற்கு, கணினியில் 50 ஹெர்ட்ஸை மட்டும் வடிகட்டிவிடலாமே என்று பலர் கேட்பார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். 150, 250 ஹெர்ட்ஸ் மடங்குகள் அப்படியே நிற்கும், கூர்மையான துடிப்புகளுக்குப் பின்னால் வடிகட்டியே உண்டாக்கும் போலி அலைகள் வால்போல வரும். 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான மூளையின் காமா அலைகளை ஆராய்பவர்களுக்கோ, இரைச்சலோடு சேர்ந்து மூளையின் சொந்த 50 ஹெர்ட்ஸும் போய்விடும்.