ரோந்து: சுற்றுவதா, காப்பதா?

வாலாஜாபேட்டை, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று வட ஆர்க்காட்டுப் பக்கத்துச் சின்ன நகராட்சி எதுவானாலும் சரி, பூட்டிய வீட்டில் திருட்டு என்றதும் ஊரார் கொடுக்கும் மனுவில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘இரவு ரோந்தைத் தீவிரப்படுத்த வேண்டும்.’ மறுநாள் பத்திரிகையிலும் அதே வரி. போலீசார் சொல்லும் பதிலிலும் அதே சொல். இத்தனை பேர் வாயில் புழங்கினாலும் ரோந்து தமிழ்ச்சொல் இல்லை. ரகரத்தில் தொடங்குவதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

போர்த்துகீசியத்தில் ரோந்தா, பிரெஞ்சில் ரோந்த், ஆங்கிலத்தில் ரவுண்ட். மூன்றும் உருண்டையானது, வட்டமானது என்று பொருள்படும் ரொடுண்டுஸ் என்ற லத்தீன் சொல்லோடு உறவுள்ளவை. ஆங்கில ரவுண்டு நம்மிடம் ரவுண்டாகவே தனியாக இருக்கிறது. ‘பஜார் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்’ என்கிறோம். அதனால் ரோந்து, கடற்கரையில் வந்திறங்கிய மற்ற இருவரில் ஒருவர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. திருடன் தொடுகிற சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துகீசியச் சரக்குதானே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பியப் படைகளில் இந்தச் சொல்லுக்குத் திருடனைத் தேடிப் போவது பொருளாக இருக்கவில்லை. காவலுக்கு நிறுத்தப்பட்ட சிப்பாய்கள் தூங்காமல் இருக்கிறார்களா என்று அதிகாரி ஒரு சுற்று வந்து பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். அந்தப் பழைய ரோந்தின் மிகப் பிரபலமான தோல்வி நம் வேலூர்க் கோட்டைக்குள்ளேயே நடந்தது. 1806 ஜூலை 9 இரவு சுற்றி வர வேண்டிய ஆங்கில அதிகாரி தான் போகாமல் வேறொருவரை அனுப்பச் சொல்ல, வேலை கைமாறிக் கைமாறி இந்திய அதிகாரியான ஜமேதார் ஷேக் காசிமிடம் வந்து சேர்ந்தது என்று பதிவாகியிருக்கிறது. அவரோ அன்றிரவு வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். எல்லாம் அமைதி என்று மேலே தகவல் போனது. 10-ஆம் தேதி விடியும் முன் கோட்டை கிளர்ச்சிக்காரர் கையில் இருந்தது.

ரோந்து முடிந்து திரும்புகிற போலீஸ்காரரை ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு நின்று பார்ப்பவர் பாரா. இந்தி, உருதுவின் பஹ்ரா அது. மூலம் வடமொழிப் பிரஹரம், அதாவது ஏழரை நாழிகை, மூன்று மணி நேரம். நாம் யாமம், ஜாமம் என்பதும் அதே அளவுதான். அந்தக் காலத்துப் பெரியவர்கள் காவல் நிலையத்தையே டாணா என்பார்கள்; இடம் என்று பொருள்படும் ஸ்தானம் உருதுவில் தானாவாகி, இங்கே டாணாவானது.

பீட் கொஞ்சம் வேறு சாதி. ஆங்கிலத்தில் அடித்தல் என்ற சொல்தான். ஒரே வழியில் நடந்து நடந்து காலடி பட்டுத் தேய்ந்த தடம் என்ற பொருளில் காவலர் தினமும் நடக்கும் பகுதிக்குப் பெயரானது. ரோந்தில் வட்டம் முக்கியம், பீட்டில் தடம். நம் ஊர் பீட் போலீசின் அடையாளம் பட்டா புத்தகம். நகைக்கடை ஷட்டர் ஓரத்தில், கோயில் வாசலில், ஏடிஎம் பக்கத்தில், ஊருக்குப் போனவர் வீட்டு கேட்டில் ஒரு நோட்டு தொங்கும். ஐப்பசி கார்த்திகையில் அதை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கட்டியிருப்பார்கள். வரும் காவலர் தேதி, நேரம், பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பல இடங்களில் அந்த நோட்டுக்குப் பதில் க்யூஆர் அட்டை ஒட்டியாகிவிட்டது. செல்போனில் ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. நோட்டோ அட்டையோ, அது நிரூபிப்பது காவலர் வந்து போனார் என்பதை மட்டும்தான். காவலரைச் சரிபார்க்கும் ஐரோப்பியப் பழைய ரோந்து இன்னும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்ச்சொல் காவல். கா என்ற அடியிலிருந்து காப்பு, காவல், காவலர். இதன் முழுப் பொருளும் தெரிய வேண்டுமானால் எடுத்தனூர் நடுகல்லைப் பார்க்க வேண்டும். இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம், 1989 வரை வட ஆர்க்காடு. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் அது. எருமை மந்தையைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் ‘காத்திருந்தவாறு’ என்று எழுத்தும் வெட்டியிருக்கிறது. காத்து இருந்தது, அதாவது இடத்தைவிட்டுப் போகவில்லை. காத்திருத்தல் நம்மிடம் இன்று வெறுமனே எதிர்பார்த்து நிற்பதாகிவிட்டது. அந்தக் கல்லில் இரண்டு பொருளும் ஒன்றாகவே இருக்கின்றன.

சங்கப் பாட்டில் இன்னொரு சொல் கிடைக்கிறது. நடுயாமத்தில் கள்ளர் உலவும் மதுரையை வருணிக்கும் மதுரைக்காஞ்சி, மழை கொட்டித் தெருவில் நீர் ஓடும் வேளையிலும் சோராமல் எழுந்து வருபவர்களை ‘ஊர் காப்பாளர்’ என்கிறது. கள்ளர் நுட்பம் அறிந்தவர்கள், கையில் அம்பு வைத்திருந்தவர்கள். பிற்காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரி வருகிறது. ஊரைக் காப்பதற்கு ஊரே கட்டியது. கிராமத்தில் இந்த வேலையைப் பார்த்தவர் தலையாரி. 1859-இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்த பிறகு தலையாரியின் காவல் வேலை மெல்லக் கரைந்து, வருவாய்த் துறைக்குத் தண்டோரா போடவும் ஆளைக் கூப்பிடவும் ஆனார்.

ஊரும் போலீசும் சேர்ந்து காக்க வேண்டும் என்ற யோசனை பிறகு வெளியிலிருந்து புதுப் பெயரோடு திரும்பி வந்தது. கம்யூனிட்டி போலீசிங் என்பதைச் ‘சமுதாயக் காவல் பணி’ என்று மொழிபெயர்த்தார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. நம் பக்கத்தில் ‘நீங்க எந்த சமுதாயம்?’ என்று யாராவது கேட்டால் எதைக் கேட்கிறார் என்று தெரியாதவர் உண்டா? ஊர்க்காவல் நல்ல சொல்தான், ஆனால் அதை ஊர்க்காவல் படை முன்பே எடுத்துக்கொண்டது. ‘போலீஸ் நண்பர்கள்’ என்று 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய அமைப்பு, 2020-இல் சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பின் தடை செய்யப்பட்டது. யாருக்கு நண்பர் என்பது அந்தப் பெயரில் இல்லாமலே போனதுதான் கோளாறு என்பேன்.

தெருக்காவல் என்று சொல்லிப் பாருங்கள். தெரு அளவானது, அங்கே ஆளுக்கு ஆள் முகம் தெரியும். ‘தம்பி, கையெழுத்த போட்டுட்டு அப்படியே போயிடாத. மூணாவது வூட்டாண்ட ரெண்டு நாளா ஒரு வண்டி நிக்குது, இன்னான்னு பாரு’ என்று திண்ணையில் இருக்கும் அம்மா சொல்வது தெருக்காவலருக்குக் கிடைக்கும். ஜீப்பில் சைரன் போட்டுப் போகிற ரோந்துக்குக் கிடைக்காது. அதற்காக ரோந்து வேண்டாம் என்றில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஒட்டிப் போகும் வாலாஜாபேட்டை மாதிரி ஊரில் செயினைப் பறித்துக்கொண்டு பைக்கில் ஏறியவன் சாலையைத் தொட்டுவிட்டால், துரத்த வண்டிதான் வேண்டும். இந்தப் பறிப்புக்கு 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் தனிப் பெயரே கிடையாது. திருட்டிலோ கொள்ளையிலோ சேர்ப்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவு அதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. பூட்டை உடைத்த வழக்கை இன்னும் கன்னக்களவு என்றே எழுதுகிறார்கள். கன்னம் என்றால் சுவரில் போடும் ஓட்டை. மண்சுவர் போய்க் கான்கிரீட் வந்தும் சொல் போகவில்லை.

புதிதாக வந்திருக்கும் களவுக்கு ஓட்டையும் வேண்டாம், இருட்டும் வேண்டாம். ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோ காலில் மிரட்டி, ஓய்வு பெற்ற வாத்தியாரின் வைப்புத்தொகையைப் பட்டப்பகலில் உருவிவிடுகிறார்கள். இங்கே எத்தனை முறை ஜீப் சுற்றினாலும் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து ‘ஐயா, சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை, பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிங்க’ என்று சொல்லிவிட்டுப் போகும் தெருக்காவலரால் ஓரளவு தடுக்க முடியும்.

ஆகவே வழக்கில் இப்படி வைத்துக்கொள்ளலாம். வண்டியில் சுற்றுவது ரோந்து. தமிழில்தான் வேண்டும் என்றால் சிங்கப்பூர் இதழ்கள் எழுதுகிற சுற்றுக்காவல். வாசலில் நிற்பது வாயிற்காவல். பீட் என்பது தெருக்காவல், அதைப் பார்ப்பவர் தெருக்காவலர். அடுத்த முறை நகராட்சியிலோ ஸ்டேஷனிலோ மனு கொடுக்கும்போது ‘இரவு ரோந்தைத் தீவிரப்படுத்த வேண்டும்’ என்ற வரிக்குக் கீழே இன்னொன்றும் சேர்த்து எழுதலாம்: ‘எங்கள் வார்டின் தெருக்காவலர் பெயரையும் அலுவலகக் கைபேசி எண்ணையும் ரேஷன் கடை வாசலில் எழுதி வைக்க வேண்டும்.’