பத்திரத்தில் ‘ரிலீஸ்’ என்று இருந்தால், விடுவது யார் என்று பாருங்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து சொத்து விவகாரமாக என்னிடம் வரும் பெண்களில் பலர் ஒரே மாதிரியான ஆங்கிலப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். அப்பா இறந்த சில மாதங்களுக்குள் கூடப்பிறந்தவர்கள் அழைத்துப்போய் கையெழுத்து வாங்கியது. “பேங்க்கில் இருக்கும் அப்பா பணத்தை ரிலீஸ் செய்வதற்கு என்றுதான் சொன்னார்கள், சார்” என்பார்கள். படித்துப் பார்த்தால், கைவிட்டுப் போயிருப்பது வீட்டில் அவர்களுக்கு இருந்த பங்கு.

பிடித்து வைத்திருப்பதை விடுவதுதான் இந்த ஆங்கில வினையின் அடிப்படைப் பொருள். படம் ரிலீஸ் ஆகிறது. புழல் சிறையிலிருந்து ஆள் ரிலீஸ் ஆகிறார். கடன் முடிந்ததும் வங்கி அடமானத்தை ரிலீஸ் செய்கிறது. புழல் ஏரியின் உபரி நீரை ரிலீஸ் செய்தால் மணலிக்காரர்களுக்குத்தான் பயம். மற்றபடி நம் காதில் அது நல்ல சேதியாகவே விழுந்து பழகியிருக்கிறது. சொத்துப் பத்திரத்தில் மட்டும் விடுபவர் நீங்கள், பெறுபவர் வேறொருவர். தமிழில் இதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். யார் எதை விடுகிறார் என்பதை அந்தப் பெயரும் சொல்வதில்லை.

ஆகவே பத்திரத்தைக் கையில் வாங்கியதும் பெயர்களைத் தேடுங்கள். ‘ரிலீசர்’ என்பவர் உரிமையை விடுபவர், ‘ரிலீசி’ என்பவர் பெறுபவர். உள்ளே ‘ரிலீஸ்’, ‘ரிலிங்க்விஷ்’ என்று இரண்டு வினைகள் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நீங்கள் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டதாக எழுதியிருந்தால், அது உண்மையிலேயே கைக்கு வந்ததா? கடைசியில் சொத்து விவரம் இருக்கும். அங்கே வீட்டின் கதவு எண்ணும் ‘பிரிபடாத பாகம்’ என்பதும் தென்பட்டால், அந்தத் தாளுக்கும் வங்கிப் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. வங்கியில் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் போன்றவற்றைக் கேட்பார்கள். அந்தப் பணத்துக்காக யாரும் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டியதில்லை.

உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று 2005-இல் சட்டம் திருத்தப்பட்டது. கல்யாணத்துக்குப் போட்ட நகையைச் சொல்லி அந்தப் பங்கைக் கழிக்க முடியாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை, ஏனென்றால் படித்த குடும்பங்களிலும் நகைக் கணக்கைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

அம்மாவைத் தம்பி பார்த்துக்கொள்கிறான் என்று ஓர் அக்கா மனமறிந்து எழுதிக் கொடுத்தால், அது அவர் விருப்பம். நான் குறுக்கே நிற்பதில்லை. தெரியாமல் போட்ட கையெழுத்துதான் என்னை வருத்துகிறது. பதிவு முடிந்தபின் நீங்களாகப் போய் அதை ரத்து செய்ய முடியாது. ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்; நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில். உங்கள் கைரேகையும் புகைப்படமும் அந்தப் பதிவில் இருக்கும்.

கையெழுத்துக்கு முந்தைய நாளே நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் போகாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்ற கவலை வேண்டாம்: 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.