ஒன்சாம்பிள்: கூட்டு நடிப்பு

“விமர்சனங்களிலை ‘ஒன்சாம்பிள்’ எண்டு எழுதுறாங்களே அண்ணை, அதுக்குத் தமிழ் என்ன?”

1997இல் வில்லியம் ஃபிரிட்கின் தொலைக்காட்சிக்காக மீண்டும் எடுத்த ‘12 ஆங்க்ரி மென்’ படத்தை வெள்ளவத்தையில் பார்த்து முடித்த இரவு, தம்பி ஒருவர் கேட்டார்.

சொல் பிரெஞ்சு. ‘சேர்ந்து’, ‘ஒன்றாக’ என்று பொருள். வேர், ‘ஒரே வேளையில்’ என்ற பொருளுள்ள இலத்தீன் ‘இன்சிமுல்’. நடிப்பைப் பற்றிப் பேசும்போது, ஒருவரை மட்டும் முன்னிறுத்தாமல் எல்லோரும் ஒருவரையொருவர் தாங்கி நடிப்பதைக் குறிக்கும்.

அந்தப் படத்தில் ஓர் அறை, வழக்கொன்றில் தீர்ப்புச் சொல்லக் கூடிய பன்னிரண்டு ஜூரிகள். ஜக் லெமனும் ஜோர்ஜ் சி. ஸ்கொட்டும் மோதுகிறார்கள். ஆனால் ஸ்கொட் சீறும்போது என் கண் மேசையைச் சுற்றியுள்ள முகங்களுக்குப் போய்விடுகிறது. ஒசி டேவிஸும் ஜேம்ஸ் கண்டோல்பினியும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் விதம் இல்லாவிட்டால் அந்தச் சீற்றம் வெறும் சத்தம்தான். ஸ்கொட்டுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எமி விருது கிடைத்தது, துணை நடிகர் பிரிவில். இந்தப் படத்தில் யார் யாருக்குத் துணை?

கதையே அப்படி நடிக்கச் சொல்கிறது. பன்னிருவரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். நம் கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், மேல் நீதிமன்ற ஜூரி ஏழு பேர். ஐந்துக்கு இரண்டு என்றாலே தீர்ப்பு. இந்தக் கதையை அங்கே கொண்டுவந்தால் கடைசி ஆளை இணங்க வைக்கத் தேவையே இராது. அந்தக் கடைசி ஆள்தான் ஸ்கொட். அவர் உடையும் காட்சியே நமக்குக் கிடைத்திராது.

‘குழு நடிப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. குழு என்றால் ஆட்கள் தெரிகிறார்கள், அவர்கள் செய்வது தெரியவில்லை. ‘நட்சத்திரப் பட்டாளம்’ வேறு சங்கதி. ‘கூட்டு நடிப்பு’ என்பதே சரி. பாடு ‘பாட்டு’ ஆவதுபோல் கூடு ‘கூட்டு’ ஆகிறது. கூடுகிற வினை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்று கேட்டு வளர்ந்த கொழும்புக் காதுக்கு அது அந்நியமுமல்ல.

செயலும் நமக்குப் பழையது. கூத்தில் ஒருவர் பாடிய அடியை மற்றவர்கள் பிற்பாட்டாக எடுப்பார்கள். தன் ஐயத்தைத் தனியே சொல்லி நிற்கும் லெமனிடம் முதலில் வந்து சேர்பவர் முதியவராக வரும் ஹியூம் குரோனின். அந்த இடம் எனக்குப் பிற்பாட்டாகவே கேட்கிறது.