மூச்சு கூடினால் ஏன் மூச்சு முட்டுகிறது? பேனிக் அட்டாக்கின் உடல் கணக்கு

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், ‘செத்துவிடுவோம்’ என்றே தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். இசிஜி எடுத்தால் கோளாறு எதுவும் தெரியாது. ‘எல்லாம் பிரமை’ என்பார்கள். பிரமையே அல்ல, ஒவ்வோர் அறிகுறிக்கும் உடலில் காரணம் உண்டு.

ஆபத்து என்று மூளை தப்பாகக் கணித்ததும் அட்ரினலின் சுரக்கிறது. ஓடத் தயாராவதுபோல் இதயமும் மூச்சும் வேகமெடுக்கின்றன. ஆனால் ஆள் ஓடவில்லையே! தசைகள் உழைக்காததால் கரியமில வாயு கூடுதலாக உண்டாவதில்லை. வேக மூச்சோ இருப்பதையும் வெளியே தள்ளுகிறது. தமனி ரத்தத்தில் 35 முதல் 45 மி.மீ. பாதரச அளவில் இருக்க வேண்டிய கரியமில வாயுவின் அழுத்தம் சரிகிறது. உடனே மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், சுற்றியிருப்பதெல்லாம் கனவுபோலத் தெரியும். ரத்தத்தில் காரத்தன்மை ஏறி, கால்சியம் அயனிகள் குறையும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு அதனால்தான். சிலருக்கு விரல்களே மடங்கி இழுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதில்லை. காற்று போதவில்லை என்று மேலும் மேலும் இழுப்பதுதான் வினை.

எனவே மூக்கால் 4 விநாடி இழுத்து, 6 விநாடி மெல்ல விட வேண்டும். நிமிடத்துக்கு 6 மூச்சு. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அது ஆபத்து. முதல் தடவை என்றால் மருத்துவமனைக்குப் போவதே சரி. நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தி, தாடைக்கோ கைக்கோ வலி பரவினால் மூச்சுப் பயிற்சியில் நேரம் கடத்தக் கூடாது. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், அதையும் பரிசோதிப்பார்கள்.

ஒரு தடவை வந்தாலே நோய் என்றில்லை. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, ‘அடுத்தது எப்போதோ’ என்ற பயமோ, அதற்காகப் பஸ், லிஃப்ட், கூட்டம் என்று தவிர்ப்பதோ ஒரு மாதமாவது நீடித்தால்தான் பேனிக் டிஸார்டர். படபடப்பை மாரடைப்பு என்று அர்த்தம் செய்துகொள்வதே அடுத்த அட்ரினலினை வரவழைக்கிறது என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் விளக்கினார். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (சிபிடி) இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. நாற்காலியில் சுற்ற வைத்து, நின்ற இடத்திலேயே ஓட வைத்து, ஸ்ட்ரா வழியே மூச்சு விட வைத்து, அதே அறிகுறிகளை வேண்டுமென்றே கிளப்புவார்கள். விபரீதம் எதுவும் நடப்பதில்லை என்பதை உடலே கற்றுக்கொள்ளும்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளும் உதவும், ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆரம்ப நாட்களில் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யலாம். குறைந்த அளவில் தொடங்குவது அதற்காகத்தான். பலர் சரியாக அந்தக் கட்டத்தில்தான் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.